செப்டம்பர் பேஸ்பால்: எந்த ஆட்டம் டிவிக்கு வருகிறது, யார் முடிவு செய்கிறார்கள்?

கேள்வி இதுதான்: பேஸ்பால் சீசன் முடியப்போகிற செப்டம்பர் மாதத்தில், பிளேஆஃப் இடத்துக்காக உயிரைக் கொடுத்து ஆடும் அணிகளை விட்டுவிட்டு, அமெரிக்கத் தேசிய சேனல்கள் திரும்பத் திரும்ப நியூயார்க் யாங்கீஸ், லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் ஆட்டங்களையே காட்டுகின்றன. எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், புள்ளிப்பட்டியல் மூன்றாவது இடத்தில்தான் வருகிறது. முதலில் ஒப்பந்தமும் அமெரிக்கக் கால்பந்தும். அடுத்து அணியின் பெயர். அதற்கப்புறம்தான் எந்த ஆட்டம் யாருக்கு வாழ்வா சாவா என்ற கணக்கு. இது எனக்குப் பிடிக்காத வரிசைதான். ஆனால் இதன் பின்னால் சோம்பேறித்தனமோ பெரிய அணிகள் மீதான பாசமோ மட்டும் இருப்பதாக நினைத்தால் பாதி விஷயம் தெரியாமல் போய்விடும்.

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வியே கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றலாம். அங்கே ஒரு சீசனுக்கு 74 ஆட்டம், எல்லாமே நாடு முழுவதும் வரும், எதைக் காட்டுவது என்ற பேச்சே இல்லை. மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள், ஒவ்வொன்றும் 162 ஆட்டம், மொத்தம் 2,430. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம் உண்டு. பல நாட்களில் பதினைந்து ஆட்டங்கள் நடக்கும். இவற்றில் பெரும்பாலானவை அந்தந்த ஊரின் வட்டாரச் சேனலில்தான் வரும். யாங்கீஸ் ரசிகருக்கு யெஸ் நெட்வொர்க், பாஸ்டன்காரருக்கு நெசன், மெட்ஸ் ரசிகருக்கு எஸ்என்ஒய். தேசிய சேனல்கள் இந்தக் குவியலிலிருந்து வாரத்துக்குச் சில ஆட்டங்களை மட்டும் பொறுக்கி எடுக்கின்றன.

எந்தக் கிழமை யாருக்கு என்பது பல வருடங்களுக்கு முன்பே எழுதிக் கையெழுத்தான விஷயம். சனிக்கிழமை ஃபாக்ஸ். செவ்வாய் இரவு டிபிஎஸ். வெள்ளி இரவு ஆப்பிள் டிவியில் இரண்டு ஆட்டங்கள். ஞாயிறு இரவு 1990 முதல் 2025 வரை இஎஸ்பிஎன் கையில் இருந்தது. வருடத்துக்குச் சுமார் 55 கோடி டாலர் கட்டிக்கொண்டிருந்த அந்தச் சேனல் 2025 பிப்ரவரியில் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்வதாக அறிவித்தது. அப்புறம் பேச்சுவார்த்தை நடந்து, 2026 முதல் ஞாயிறு இரவு என்பிசிக்கும் அதன் பீகாக் தளத்துக்கும் போனது, வருடத்துக்குச் சுமார் 20 கோடி டாலருக்கு. எந்தச் சேனலாக இருந்தாலும் தன் கிழமையில் நடக்கும் ஆட்டத்தைத்தான் எடுக்க முடியும். வியாழன் மதியம் உலகமே திரும்பிப் பார்க்கிற ஆட்டம் நடந்தாலும் ஃபாக்ஸ் அதைத் தொட முடியாது.

இதில் தனியுரிமை என்று ஒன்று இருக்கிறது, அதையும் கவனிக்க வேண்டும். ஞாயிறு இரவு ஆட்டமும் ஃபாக்ஸின் சனிக்கிழமை ஆட்டமும் தனியுரிமை ஆட்டங்கள். தேசிய சேனல் எடுத்துவிட்டால் ஊர்ச் சேனல் அன்றைக்கு அதைக் காட்டக்கூடாது. டிபிஎஸ்ஸின் செவ்வாய் ஆட்டம் அப்படி இல்லை, ஊர்ச் சேனலும் கூடவே காட்டிக்கொள்ளலாம். லீகின் சொந்தச் சேனலான எம்எல்பி நெட்வொர்க் ஊர்ச் சேனலின் படத்தையே வாங்கி மற்ற ஊர்களுக்குக் கொடுக்கும். தனியுரிமை ஆட்டத்துக்கு விலை அதிகம், அதனால் அங்கே தவறான ஆட்டத்தை எடுத்தால் நஷ்டமும் அதிகம். சேனல்காரர்கள் பயப்படுவது இந்த இடத்தில்தான்.

ஒரு செப்டம்பர் ஞாயிறை எடுத்துக்கொள்வோம். அன்று பதினைந்து ஆட்டம். இதில் ஒன்றை இரவுக்கு மாற்ற வேண்டும். வழக்கமாக இரண்டு வாரமாவது முன்னதாகவே இதை முடிவு செய்துவிடுவார்கள், ஏனென்றால் மற்ற பதினான்கும் மதியமே நடக்கும், இது மட்டும் இரவு ஏழு மணிக்கு நகரும். டிக்கெட் வாங்கியவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும், மைதான ஊழியர்களின் ஷிஃப்ட் மாற வேண்டும், அணியின் விமானம் மாற வேண்டும். மறுநாள் பள்ளிக்கூடம் இருப்பதால் குழந்தைகளோடு வரும் குடும்பங்களில் பாதிப் பேர் வராமலே போய்விடுவார்கள்.

அடுத்து பயணம். வீரர்கள் சங்கத்துக்கும் லீகுக்கும் இடையிலான ஒப்பந்தத்தில், ஊர் விட்டு ஊர் கிளம்பும் நாளின் ஆட்டம் எவ்வளவு தாமதமாகத் தொடங்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. மறுநாள் ஆட்டம் எத்தனை மணிக்கு, விமானப் பயணம் எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து அது மாறும். ஞாயிறு இரவு பத்து மணிக்கு ஆட்டம் முடிந்து, குளித்து, பஸ் ஏறி, விமானம் பிடித்து, விடியற்காலை நான்கு மணிக்கு ஹோட்டலுக்குப் போய்ச் சேர்கிற அணி திங்கள் மாலையே மறுபடி களத்தில் நிற்க வேண்டும் என்றால், அதைக் கேட்கும் துணிச்சல் லீகுக்கே வராது. ஆகவே திங்கட்கிழமை ஓய்வு இருக்கும் அணிகள், அல்லது அதே ஊரில் தங்கி அடுத்த தொடரை ஆடும் அணிகள்தான் வசதியான தேர்வு. இந்த ஒரு நிபந்தனையிலேயே பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

இதற்கு நல்ல உதாரணம் 2018 ஜூலை. டொராண்டோவில் நடந்த யாங்கீஸ், ப்ளூ ஜேஸ் ஆட்டத்தை இஎஸ்பிஎன் ஞாயிறு இரவுக்கு எடுத்தது. ஆனால் யாங்கீஸுக்கு மறுநாள் பால்டிமோரில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். வீரர்கள் கொதித்துவிட்டார்கள், இனி அந்தச் சேனலுக்குப் பேட்டியே கொடுக்கமாட்டோம் என்று பேச்சு எழுந்தது. கடைசியில் அந்த ஆட்டம் மதியத்துக்கே திரும்பியது, இரவு இடத்துக்கு டாட்ஜர்ஸ், ஏஞ்சல்ஸ் ஆட்டம் வந்தது. ஜூலையிலேயே இப்படி என்றால், ஒவ்வொரு ஆட்டமும் எண்ணப்படும் செப்டம்பரில் ஒரு மேனேஜர் எவ்வளவு முரண்டு பிடிப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ரசிகர்கள் தங்கள் அணி ஞாயிறு இரவில் வரவில்லையே என்று ஏங்கும்போது, அந்த அணியின் ஓய்வறையில் நல்லவேளை தப்பித்தோம் என்றுதான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பயணத்தில் தப்பிய ஆட்டங்களில், ஒரே அணியை வருடத்துக்கு இத்தனை முறைக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற உச்சவரம்பு அடுத்த வடிகட்டி. யாங்கீஸை ஏப்ரலிலும் ஜூனிலும் எடுத்துத் தீர்த்துவிட்டால் செப்டம்பரில் கையில் எதுவும் மிஞ்சாது. புத்திசாலித்தனமான சேனல் இரண்டு மூன்று பெரிய அணிகளின் வாய்ப்பைக் கடைசி மாதத்துக்கென்று சேமித்து வைக்கும். கனடாவின் டொராண்டோவுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. டிவி பார்ப்பவர்களை எண்ணும் அமெரிக்க நிறுவனமான நீல்சனின் கணக்கில் கனடாவில் பார்ப்பவர்கள் சேரமாட்டார்கள். நாடே உட்கார்ந்து பார்த்தாலும் அமெரிக்கச் சேனலின் கணக்கில் அந்தப் பாதி பூஜ்யம். 2025இல் ப்ளூ ஜேஸ் 94 வெற்றிகளோடு யாங்கீஸுக்குச் சமமாக முடித்து, டைபிரேக்கரில் (சமமான அணிகளைப் பிரிக்கும் விதியில்) டிவிஷனையே, அதாவது ஐந்து அணிகள் கொண்ட தன் பிரிவையே வென்றது. ஆடுகளத்தில் சமமாக இருந்தாலும் ரேட்டிங்கில் அந்த இரண்டு அணிகளும் ஒருபோதும் சமம் ஆகாது.

இத்தனைக்கும் பிறகு நான்கைந்து ஆட்டங்கள் மிஞ்சும். இங்கேதான் பெயர் வேலை செய்கிறது. இரண்டு வாரத்துக்கு முன் உட்கார்ந்து முடிவெடுப்பவருக்கு அந்த ஞாயிறன்று பட்டியல் எப்படி இருக்கும் என்று தெரியாது. இரண்டு சின்ன ஊர் அணிகள் டிவிஷனுக்காக மோதுகின்றன என்று எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமையே ஒரு அணி இடத்தை உறுதி செய்துவிட்டால், ஞாயிறன்று அது முக்கிய வீரர்களை பெஞ்சில் உட்காரவைத்து இளம் பையன்களை இறக்கும். அப்போது அந்த ஆட்டத்தைப் பார்க்க யாருக்கும் காரணம் இல்லை. அதே இடத்தில் யாங்கீஸ், ரெட் சாக்ஸ் இருந்தால், இரண்டும் பந்தயத்தில் இல்லாவிட்டாலும் நியூயார்க்கும் பாஸ்டனும் பார்க்கும். பெரிய பெயர் என்பது சேனலுக்கு ஒரு காப்பீடு, பிரீமியமாகக் கொடுப்பது நல்ல ஆட்டம் கிடைக்கும் வாய்ப்பை.

இதே காரணத்தால்தான் நட்சத்திர பிட்சரைவிட நட்சத்திர பேட்டர் அட்டவணைக்கு ஏற்றவர். டெட்ராய்ட்டின் தாரிக் ஸ்கூபலோ பிட்ஸ்பர்கின் பால் ஸ்கீன்ஸோ ஐந்தாறு நாளுக்கு ஒருமுறைதான் பந்து வீசுவார்கள். இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிறு அவர்கள் முறையா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, நடுவில் ஒரு மழை போதும் எல்லாம் மாறிவிட. டாட்ஜர்ஸின் ஓட்டானியும் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜும் காயம் இல்லாத வரை தினமும் பேட் பிடிப்பார்கள். ஸ்கீன்ஸ் வீசும் நாளில் பிட்ஸ்பர்க் ஆட்டம் எவ்வளவு அருமையாக இருந்தாலும் அந்த அணி தேசிய சேனலில் அரிதாகவே தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மில்வாக்கியை நினைத்தால் எனக்கு மனசு கேட்காது. 2025இல் ப்ரூவர்ஸ் 97 வெற்றி, 65 தோல்வி, லீகிலேயே முதலிடம். ஆனால் மேஜர் லீக் ஊர்களில் மில்வாக்கிதான் மிகச் சிறிய டிவி சந்தை. அதிகம் காசு செலவழிக்காமல், வேகமாக ஓடி, அழகாக ஃபீல்டிங் செய்து ஜெயித்த அந்த அணியை நாட்டின் பெரும்பகுதி அக்டோபரில்தான் முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தது. ரசிகர்களுக்கு ஓர் அணியை அறிமுகப்படுத்தவே செய்யாமல், அந்த அணியை யாரும் பார்ப்பதில்லை என்று சொல்வது நியாயம் இல்லை. சந்தை சிறியது என்பது உண்மைதான். ஆனால் கன்சாஸ் சிட்டியும் சின்ன ஊர்தான், க்ரீன் பே அதைவிடச் சின்னது, அமெரிக்கக் கால்பந்தில் அவற்றின் ஆட்டங்களை நாடே பார்க்கிறது. அங்கே லீக் தன் எல்லா ஆட்டத்தையும் தேசியச் சரக்காகவே விற்றது. பேஸ்பால் ஊர் ஊராக விற்றது. வித்தியாசத்தின் வேர் அங்கே இருக்கிறது.

கால்பந்து என்று சொன்னதும் பெரிய விஷயத்துக்கு வந்துவிட்டோம். செப்டம்பர் முதல் வாரம் முடிந்ததும் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் தொடங்கிவிடும். 2023இல் அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த 100 ஒளிபரப்புகளில் 93 என்எஃப்எல் ஆட்டங்கள். பேஸ்பாலில் பரபரப்பு கூடும் அதே மாதத்தில் அதன் தலைமேல் இது வந்து விழுகிறது. அதிலும் பேஸ்பால் காட்டும் சேனல்களே கால்பந்தும் காட்டுகின்றன. ஃபாக்ஸுக்கு சனிக்கிழமை கல்லூரிக் கால்பந்து இருக்கிறது. அதனால் செப்டம்பரில் அதன் பேஸ்பால் ஆட்டங்கள் பெரும்பாலும் எஃப்எஸ்1 என்ற துணைச் சேனலுக்கு ஒதுங்கிவிடும். ஜூனில் முக்கியம் இல்லாத ஆட்டம் பெரிய சேனலில், செப்டம்பரில் முக்கியமான ஆட்டம் சின்னச் சேனலில். தலைகீழாகத் தெரிந்தாலும் விளம்பரக் கணக்கில் இது சரியாகவே வரும்.

இந்த மோதல் ஒருமுறை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1998இல் இஎஸ்பிஎன்னுக்கு என்எஃப்எல்லின் ஞாயிறு இரவு ஆட்டங்கள் முழு சீசனுக்கும் கிடைத்தன. ஆனால் அதே ஞாயிறு இரவில் செப்டம்பர் மாதமும் பேஸ்பால் காட்டுவதாக ஏற்கெனவே ஒப்பந்தம் இருந்தது. சேனல் பேஸ்பாலை நகர்த்த அனுமதி கேட்டது, பேஸ்பால் லீக் மறுத்தது, சேனல் அதையும் மீறி கால்பந்தைக் காட்டியது. 1999இல் லீக் ஒப்பந்தத்தையே ரத்து செய்கிறோம் என்றது, இஎஸ்பிஎன் வழக்குப் போட்டது. நியூயார்க் மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி ஷீண்ட்லின் முன் நடந்த வழக்கு அந்த வருட டிசம்பரில் சமாதானத்தில் முடிந்து, ஆறு வருடப் புதிய ஒப்பந்தமாக மாறியது. எங்கள் ஆட்டம் இரண்டாம்பட்சம் இல்லை என்று லீக் நிமிர்ந்து நின்ற சந்தர்ப்பம் அது. சண்டை போட்டது சரி என்றே நினைக்கிறேன்.

இப்போது அதே நிலைமை வேறு சேனலில். என்பிசிக்கு 2006 முதல் ஞாயிறு இரவுக் கால்பந்துதான் வருடத்தின் மிகப் பெரிய நிகழ்ச்சி. 2026 முதல் ஞாயிறு இரவு பேஸ்பாலும் அவர்களிடமே. இரண்டும் ஒரே இரவில் மோதும்போது பேஸ்பால் பீகாக்குக்கும் என்பிசியின் விளையாட்டுச் சேனலான என்பிசிஎஸ்என்னுக்கும் ஒதுங்குவது ஒப்பந்தத்திலேயே எதிர்பார்க்கப்பட்ட ஏற்பாடு. 1998இல் நீதிமன்றத்துக்குப் போன விஷயத்துக்கு இப்போது லீக் முன்கூட்டியே தலையாட்டிவிட்டது. ஞாயிறு இரவின் விலை ஏன் அவ்வளவு குறைந்தது என்பதற்கும் இதில் ஒரு பங்கு பதில் இருக்கிறது. கால்பந்து இல்லாத மாதங்களை நிரப்பத்தான் என்பிசிக்கு பேஸ்பால் தேவை, செப்டம்பருக்கு இல்லை.

முன்கூட்டியே தேர்ந்தெடுப்பதில் அதிர்ஷ்டமும் அடிக்கும், வம்பும் வரும். 2022 செப்டம்பர் 23, வெள்ளிக்கிழமை. ஆரன் ஜட்ஜ் அந்த சீசனில் 60 ஹோம் ரன்னில் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது, கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) நிற்கிறார். இன்னும் ஒன்று அடித்தால் 1961இல் ரோஜர் மேரிஸ் வைத்த அமெரிக்கன் லீக் (மேஜர் லீகின் இரண்டு பாதிகளில் ஒன்று) சாதனையைச் சமன் செய்வார். எதிரே ரெட் சாக்ஸ், இடம் யாங்கீ ஸ்டேடியம். ஆனால் பல வாரங்களுக்கு முன்பே ஆப்பிள் எடுத்துவைத்த வெள்ளிக்கிழமை அது. வருடம் முழுக்க யெஸ் நெட்வொர்க்கில் ஜட்ஜைப் பார்த்தவர்கள் அன்றைக்கு ஆப்பிள் செயலியைத் தேடி ஓட வேண்டியிருந்தது. இலவசமாகத்தான் கொடுத்தார்கள், ஆனாலும் கேபிள் மட்டுமே தெரிந்த வயதானவர்களுக்கு அது பெரிய தொல்லை. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் லெட்டிஷா ஜேம்ஸே யெஸ் சேனலிலும் காட்டும்படி ஆப்பிளைக் கேட்டார். நடக்கவில்லை. ஜட்ஜ் அன்று ஹோம் ரன் அடிக்கவும் இல்லை.

ஆனால் அதே இரவில் ஆப்பிளின் இரண்டாவது ஆட்டம் லாஸ் ஏஞ்சல்ஸில், கார்டினல்ஸும் டாட்ஜர்ஸும். 42 வயது கார்டினல்ஸ் வீரர் ஆல்பர்ட் புஹோல்ஸ் மூன்றாவது இன்னிங்ஸில் தன் வாழ்நாளின் 699ஆவது ஹோம் ரன்னையும், நான்காவது இன்னிங்ஸில் 700ஆவதையும் அடித்தார். வரலாற்றில் அந்த எண்ணைத் தொட்ட நான்காவது ஆள். அந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இது அன்றைக்கு நடக்கும் என்று தெரிந்திருக்க வழியே இல்லை. ஜட்ஜ் 61ஐ ஐந்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, டொராண்டோவில் அடித்தார். ஓட்டானி ஒரே சீசனில் 50 ஹோம் ரன், 50 ஸ்டீல் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) என்று யாரும் தொடாத இடத்தைத் தொட்டது 2024 செப்டம்பர் 19, வியாழக்கிழமை மாலை, மயாமியில். ஆறு முறை பேட் பிடித்து ஆறும் ஹிட், அதில் மூன்று ஹோம் ரன், அவர் அடியால் அணிக்கு வந்தது பத்து ரன். தேசிய சேனல்கள் காசைக் கொட்டி வாங்கிய இரவுகளுக்கு வெளியே அது நடந்தது.

சீசன் கடைசியில் மோதும் அணிகள் எந்தக் கிழமையில் சந்திக்கின்றன என்பதும் பெரும்பாலும் அதிர்ஷ்டம்தான். 2025இல் க்ளீவ்லேண்ட் கார்டியன்ஸ் ஜூலை 8 அன்று டெட்ராய்ட் டைகர்ஸைவிட வெற்றி தோல்விக் கணக்கில் 15½ ஆட்டம் பின்னால் இருந்தது. செப்டம்பர் தொடக்கத்தில்கூட இடைவெளி ஏறத்தாழ பத்து ஆட்டம். பிறகு அந்த அணி டிவிஷனை வென்றது, மேஜர் லீக் வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய இடைவெளியை யாரும் தாண்டியதில்லை. இரண்டு அணிகளும் செப்டம்பர் 16 முதல் 18 வரை டெட்ராய்ட்டில், 23 முதல் 25 வரை க்ளீவ்லேண்டில் மோதின. ஆறில் ஐந்து க்ளீவ்லேண்டுக்கு. ஆறுமே செவ்வாய், புதன், வியாழன். ஞாயிறு இரவுக்காரர் ஆசைப்பட்டிருந்தாலும் எடுக்க முடியாது, சனிக்கிழமைக்காரருக்கும் அதே கதிதான். அட்டவணை முந்தின வருடமே போட்டாகிவிட்டது, இரண்டு வாரத்துக்கு முன் யோசித்திருந்தால்கூட இதை யாரும் ஒரு போட்டியாகவே கருதியிருக்கமாட்டார்கள். மாதக் கடைசியில் இதே இரண்டு அணிகளும் பிளேஆஃபின் முதல் சுற்றான வைல்டு கார்டு சுற்றில் மோதியபோதுதான் நாடு முழுக்க அவர்களைப் பார்த்தது. டெட்ராய்ட் பழிதீர்த்துக்கொண்டது.

இன்னொரு மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023 முதல் எல்லா அணிகளும் எல்லா அணிகளோடும் ஆடுகின்றன. அதற்காக ஒரே டிவிஷன் எதிரிகள் வருடத்துக்கு 19 முறை மோதியது 13ஆகக் குறைந்தது. பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் அணிகள் கடைசி மாதத்தில் நேருக்கு நேர் சந்திக்கும் வாய்ப்பும் அதோடு குறைந்தது. மறுபக்கம் 2022இல் பிளேஆஃப் 12 அணிகளாக விரிந்தது. இதனால் பந்தயத்தில் இருக்கும் அணிகள் கூடின, ஆனால் சண்டை பல நேரங்களில் ஒவ்வொரு பாதியின் ஆறாவது இடத்துக்கு, 83 வெற்றி எடுத்த அணிகளுக்கு இடையே நடக்கிறது. 2025இல் மெட்ஸும் சின்சினாட்டி ரெட்ஸும் 83 வெற்றி, 79 தோல்வி என்று சமமாக முடித்தன. கடைசி நாளில் இரண்டுமே தோற்றன, டைபிரேக்கரில் ரெட்ஸ் உள்ளே போனது. முன்பெல்லாம் இப்படிச் சமமானால் 163ஆவது ஆட்டம் என்று ஒன்று நடக்கும். 2018இல் ஒரே நாளில் இரண்டு நடந்தன. தோற்றால் அவ்வளவுதான் என்ற அந்த ஆட்டங்களை 2022இல் ஒழித்துவிட்டார்கள். எந்தச் சேனலும் தேர்ந்தெடுக்கத் திணறவே தேவையில்லாத ஆட்டத்தை லீகே கையால் தூக்கிப் போட்டது எனக்கு இன்னும் வருத்தம்.

தேர்ந்தெடுக்கவே கூடாத நாள் ஒன்றும் உண்டு, கடைசி நாள். 2011 செப்டம்பர் 28 இரவைப் பார்த்தவர்கள் அதை மறந்திருக்கமாட்டார்கள். மாதத் தொடக்கத்தில் ஒன்பது ஆட்டம் முன்னிலையில் இருந்த ரெட் சாக்ஸ் அதை முழுக்கக் கரைத்துவிட்டு டாம்பா பே ரேஸோடு சமமாக நின்றது. ரெட் சாக்ஸ் ஆடிக்கொண்டிருந்த பால்டிமோரில் மழை வந்து ஆட்டம் ஒன்றரை மணி நேரம் நின்றது. டாம்பா பேயில் ரேஸ் யாங்கீஸிடம் 7-0 என்று பின்தங்கிக் கிடந்தது. பிறகு எட்டாவது இன்னிங்ஸில் ஆறு ரன், ஒன்பதாவதில் இரண்டு அவுட்டும் இரண்டு ஸ்ட்ரைக்கும் ஆகி, இன்னும் ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் ஆட்டமே முடியும் என்ற நிலையில் டேன் ஜான்சனின் ஹோம் ரன், சமம். நள்ளிரவு 12:02க்கு ரெட் சாக்ஸ் தோற்றது. 12:05க்கு ஈவன் லாங்கோரியா ஹோம் ரன் அடித்து ரேஸை உள்ளே கொண்டுபோனார். அதே இரவில் அட்லாண்டா 13 இன்னிங்ஸ் ஆடித் தோற்று, செயின்ட் லூயிஸுக்கு வழி விட்டது. நான்கு ஆட்டங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே நடந்தன. அன்று ஒரே ஒரு ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்தவருக்குக் கால்பங்குதான் கிடைத்தது. ரிமோட்டை மாற்றிக்கொண்டே இருந்தவருக்குத்தான் முழுசாகக் கிடைத்தது.

அதிலிருந்து லீக் ஒரு நல்ல காரியம் செய்தது. 2015 முதல் சீசனின் கடைசி ஞாயிறு எல்லா ஆட்டங்களும் ஒரே நேரத்தில், கிழக்கு நேரப்படி மதியம் மூன்று மணி சுமாருக்குத் தொடங்குகின்றன. யாரும் மற்ற முடிவைத் தெரிந்துகொண்டு ஆட்களை ஓய்வில் வைக்க முடியாது. எந்த ஆட்டம் சூடாக இருக்கிறதோ அங்கே தாவித் தாவிக் காட்டும் நிகழ்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. என் அபிப்பிராயத்தில் கடைசி ஒரு நாளுக்கு மட்டும் இல்லாமல் கடைசிப் பத்து நாளுக்கும் இந்த மனப்பான்மை வர வேண்டும். என்எஃப்எல் தன் கடைசி வார ஆட்டங்களின் நேரத்தை, அதற்கு முந்தின வார முடிவுகள் தெரிந்த பிறகே அறிவிக்கிறது. பேஸ்பாலில் பயணம் காரணமாக ஞாயிறு இரவில் அப்படிச் செய்வது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செவ்வாய், புதன் ஆட்டங்கள் எப்படியும் இரவில்தான் நடக்கின்றன. நேரத்தை மாற்றவே வேண்டாம், கேமராக்களும் ஊர்ச் சேனலின் ஒளிபரப்பு வண்டியும் அங்கே ஏற்கெனவே நிற்கின்றன. மூன்று நாள் முன்னால் முடிவு செய்து, அந்தப் படத்தை அப்படியே நாடு முழுவதற்கும் கொடுத்தால் போதும்.

அதைச் செய்ய விடாமல் தடுப்பது பெரும்பாலும் உரிமைப் பிரச்சினை. ஆனால் அது இளகிக்கொண்டிருக்கிறது. பல ஊர்ச் சேனல்களை வைத்திருந்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்சில் திவால் பாதுகாப்புக்குப் போனது. அந்த மே மாதக் கடைசியில் சான் டியேகோ ஆட்டங்களின் தயாரிப்பை லீகே எடுத்துக்கொண்டது, அடுத்த இரண்டு வருடத்தில் அரிசோனா, கொலராடோ, மினசோட்டா, க்ளீவ்லேண்ட் சேர்ந்தன. அதாவது 2025இல் கார்டியன்ஸ் அந்தச் சாதனையைச் செய்தபோது அவர்களைப் படம் பிடித்தவர்கள் லீகின் சொந்த ஆட்கள். தேசிய ஒப்பந்தங்கள் எல்லாம் 2028இல் முடிகின்றன. அதற்குள் ஊர் உரிமைகளையும் திரட்டி எல்லாவற்றையும் ஒன்றாக விற்க வேண்டும் என்று கமிஷனர் ராப் மேன்ஃப்ரெட் வெளிப்படையாகவே சொல்லிவருகிறார். யெஸ் போன்ற சேனல்களால் கொழிக்கும் பெரிய அணிகள் சும்மா விட்டுக்கொடுக்காது. டாட்ஜர்ஸின் ஊர் ஒப்பந்தம் மட்டும் 25 வருடத்துக்கு 835 கோடி டாலர். அவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பார்கள் என்பதுதான் உங்கள் கேள்வியின் அடுத்த பதிலைத் தீர்மானிக்கும்.

அதுவரை செப்டம்பரில் நல்ல ஆட்டம் பார்க்க வேண்டும் என்றால் ஞாயிறு இரவை நம்பி உட்காராதீர்கள். வைல்டு கார்டு பட்டியலை (டிவிஷனை வெல்லாத அணிகள் பிளேஆஃப் இடத்துக்கு மோதும் பட்டியல்) திறந்து, மூன்று ஆட்டத்துக்குள் நெருங்கி நிற்கும் இரண்டு அணிகள் செவ்வாய் முதல் வியாழன் வரை மோதுகின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அந்த மூன்று நாளையும் விடாதீர்கள், எந்தச் சேனலில் வந்தாலும் சரி. இந்தியாவில் இருப்பவர்களுக்குக் கடைசி ஞாயிறு ஆட்டங்கள் திங்கள் அதிகாலை 12:30க்குத் தொடங்கும்.